கேட்டலும் கீழ்ப்படிதலும்

தமிழர் இல்லங்களிலே பிள்ளையொன்று தாயின் விருப்பப்படி நடவாதபோது 'சொல்லுக் கேளாத பிள்ளை' என்று அதனைக் கடிந்துகொள்வது வழக்கம். அப்பிள்ளையின் செவிப்புலனில் யாதொரு குறையும் இல்லை என்பதைத் தாய் நன்கறிவாள். எனினும் அவள் குறைகாண்பது கேள்வியிலேயே. 'கேள்' என்னும் வினையடி தமிழிற் செவியாற் கேட்டலையும், வினாவுதலையும், ஒருவர் சொல்லுக்கு இணங்கி நடத்தலையும் ஒருங்கே உணர்த்தி நிற்பது. இதற்கு அருகே வழங்கும் 'கீழ்ப்படிதல்' என்னும் சொல்லோ வேறொரு காட்சியைக் கண்முன் நிறுத்துகின்றது. அங்கே செவி இல்லை. மேல், கீழ் என்னும் இடங்களே உள்ளன. ஒருவன் மேலே நிற்க மற்றவன் கீழே படிகின்றான். கிறிஸ்தவ வேதநூலின் தமிழ் மொழிபெயர்ப்புக்களிற் பெரிதும் நிலைபெற்றது இப்பின்னைய சொல்லாகும். ஆனால் எபிரேயத்திற் கீழ்ப்படிதலைக் குறிக்க வழங்குவது, கேட்டலைக் குறிக்கும் 'ஷமா' என்ற அதே சொல். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அப்பொருளில் வரும் சொற்களுக்குச் செவிமடுத்தலே வேர். மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவதற்கில்லை, வழக்கிலுள்ள சொல்லையே அவர்கள் எடுத்தாண்டனர். ஆயினும் சொல்லோடு ஒரு மனப்பாங்கும் உடன்வந்து குடியேறிவிட்டது.

இறைவனுக்குக் கீழ்ப்படிந்து வாழ்தலே கிறிஸ்தவ வாழ்வின் அச்சாணி என்பதிற் கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்ற பேதம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்திற் கற்கும் ஓர் இளைஞன் இப்போதனையைக் கேட்குமிடத்து அவனுள்ளே ஐயம் எழுதல் இயல்பே. கீழ்ப்படிதல் என்னும் பண்பின் நற்பெயரை இருபதாம் நூற்றாண்டு கெடுத்துவிட்டது. இலட்சக்கணக்கான யூதரைக் கொலைக்களங்களுக்கு அனுப்பும் ஒழுங்குகளைச் செய்த அடொல்வ் ஐக்மன், 1961இல் எருசலேம் நீதிமன்றின் முன் நின்றபோது, தான் கட்டளைகளை நிறைவேற்றியவனே என்றான். கடமை பற்றிய கான்றின் கோட்பாட்டின்படியே வாழ முயன்றதாகவும் கூறினான். அவ்விசாரணையை நேரிற் கண்டெழுதிய ஹன்னா அரென்ற், கீழ்ப்படிதலின் பின்னால் மறைந்து நின்ற சிந்தனையின்மையைச் சுட்டிக்காட்டினார். ஜேர்மன் இறையியலாளரான டொறத்தே சொல்லே என்னும் அம்மையார் 1968இல் எழுதிய நூலொன்றில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். இடப்படும் கட்டளை யாதென்று ஆராயாது, இடுபவர் யாரென்று மட்டும் நோக்கும் மனிதரை உருவாக்கியதிற் கிறிஸ்தவ வளர்ப்பு முறைக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். அவ்வாறாயின் ஞாயிறுதோறும் பிரசங்க மேடையிலிருந்து கீழ்ப்படிதலைப் போதிப்பது அடுத்த ஐக்மனுக்குப் பயிற்சியளிப்பதாகாதா?

இவ்வினா புதிதன்று. தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகின்றதா, அன்றி அது நல்லதாயிருத்தலாலே தெய்வங்கள் அதனை விரும்புகின்றனவா என்று பிளேட்டோவின் 'யூதிப்ரோ' உரையாடலிற் சோக்கிரதர் எழுப்பும் பிரச்சினை, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தத்துவவாதிகளை உறங்கவிடவில்லை. கான்ற் 1798இல் வெளியிட்ட நூலொன்றின் அடிக்குறிப்பில் ஆபிரகாமின் கதையை எடுத்துக்கொண்டு, மகனைக் கொல்லலாகாது என்பது உறுதி, பேசுகின்ற நீ கடவுள்தான் என்பது உறுதியன்று என அவன் அக்குரலுக்கு விடையிறுத்திருக்க வேண்டும் என்றார். 1843இற் கியர்க்ககாட் அதே கதையை எதிர்ப்புறத்திலிருந்து நோக்கி, ஒழுக்கவியலின் எல்லைக்கு அப்பாலும் விசுவாசத்திற்கு ஓர் இடமுண்டென்று காட்ட முயன்றார். இருவருள் எவர் சரி என்பதை இங்கே தீர்த்தல் இயலாது. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. பலியினும் கீழ்ப்படிதலே மேலானது என்று சாமுவேல் தீர்க்கதரிசி சவுல் அரசனுக்குக் கூறியதை எடுத்தாளாத பிரசங்கியார் அரியர். அங்கே சவுல் முற்றாக நிறைவேற்றாது விட்ட கட்டளை யாது என்பதைச் சபையோருக்கு எடுத்துரைப்பவரோ அவரினும் அரியர். அமலேக்கியரைக் குழந்தைகளோடு அழித்தொழிக்கும் கட்டளை அது. அவ்வத்தியாயத்தை வாசித்துக் கலங்காதவன் அதனைக் கேட்டவனாகான்.

உண்மையில் இடர்ப்பாடு கடவுளுக்குக் கீழ்ப்படியலாமா என்பதிலன்று. கடவுள் உண்டு, அவர் நல்லவர் என்று ஏற்றுக்கொண்டவனுக்கு அவர் சொற்படி நடத்தல் அறிவுக்கு முரணான செயலாகாது. ஆனால் அவர் குரல் தனித்து வருவதேயில்லை. நூலின் வழியாக, குருவின் வழியாக, பெற்றோரின் வழியாக, திருச்சபையின் வழியாக, சிலவேளை அரசின் வழியாகவும் அது வந்து சேர்கின்றது. வழியிலுள்ள ஒவ்வொருவரும் தம் குரலையும் அதனோடு கலந்துவிட இடமுண்டு. இவற்றுள் எது எது என்று பிரித்தறியும் ஆற்றல் மனிதனுக்கு எங்ஙனம் வாய்க்கும்? அன்றாட வாழ்விற் கீழ்ப்படிதலை வளர்த்தல் என்று பேசுவோர் எதிர்கொள்ளவேண்டிய வினா இதுவே. இதற்குக் கோட்பாட்டிலே விடை தேடுவதிலும், ஒரு மனிதனின் வரலாற்றிலே தேடுதல் பயனுடையது.

பிரான்ஸ் யேகர்ஸ்ரெற்றர், ஒஸ்திரியாவில் ஜேர்மன் எல்லையை அடுத்த சென் றாடகுண்ட் என்னும் சிற்றூரில், 1907இல் மணமாகாத பணிப்பெண் ஒருத்திக்குப் பிறந்தவர். பின்னர் தாயை மணந்த கமக்காரர் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். இளமையில் அவர் புனிதராகும் அறிகுறி எதனையும் காட்டவில்லை. இரும்புச் சுரங்கமொன்றில் வேலைசெய்தார். ஊரிலேயே முதலாவதாக மோட்டார் சைக்கிள் வாங்கினார். மணமாகுமுன்னர் ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையுமானார். 1936இற் பிரான்சிஸ்கா என்னும் பெண்ணை மணந்தார். பின்பு மூன்று பெண்மக்கள் பிறந்தனர். கணவனும் மனைவியும் சேர்ந்து செபிக்கவும் வேதநூலை வாசிக்கவும் தொடங்கினர். 1938 ஏப்பிரலில் ஒஸ்திரியா ஜேர்மனியோடு இணைக்கப்பட்டமைக்கு ஒப்புதல்கோரி வாக்கெடுப்பு நடந்தபோது, அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே.

அதன்பின் நடந்தவை சிறியவை. நாசிக் கட்சியின் பெயரால் நடந்த வசூல்களுக்கு அவர் பணம் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று அரசு வழங்கிய உதவிப்பணத்தை ஏற்கவில்லை. மூன்று குழந்தைகளுள்ள ஒரு கமக்காரக் குடும்பத்திற்கு அது சிறு இழப்பன்று. 1940இல் இருமுறை இராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டபோது சென்றார், சத்தியப்பிரமாணமும் செய்தார். இது மறக்கற்பாலதன்று. அவர் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் அறிந்தவரல்லர். வீடு திரும்பியபின் ஊர்க்கோயிலின் பணியாளராகி, பூசைக்கு வேண்டியவற்றை ஒழுங்குசெய்வதும் மணியடிப்பதுமாக, வயல்வேலைக்கு நடுவே நாள்தோறும் திருப்பலியிற் பங்குபற்றி வந்தார். அந்த ஆண்டுகளில் இனியொருமுறை அழைப்பு வந்தாற் போவதில்லை என்னும் முடிவு அவருள்ளே முதிர்ந்தது.

அம்முடிவை அவர் தம்மோடு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பதே இங்கு கருத்திற் கொள்ளவேண்டியது. குருமாரிடம் சென்று வினவினார். தம் ஐயங்களை வினாக்களாக எழுதி எடுத்துக்கொண்டு லின்ஸ் நகர் ஆயரிடம் சென்றார். அநீதியான போரிற் கிறிஸ்தவன் போராடலாமா என்பது அவ்வினாக்களின் சாரம். ஆயர் கூறிய விடை, ஆட்சியாளர் செயலுக்குக் குடிமகன் பொறுப்பாளியல்லன், குடும்பத்தைப் பார் என்பதாகும். ஆயர் தம்மை ஓர் ஒற்றனாக எண்ணி அஞ்சியிருக்கலாம் என்று யேகர்ஸ்ரெற்றர் மனைவியிடம் சொன்னார். ஆயரை அவர் பழித்தாரில்லை. திருச்சபையை விட்டு விலகினாருமில்லை. ஆனால் தாம் பெற்ற விடையைத் தாம் கேட்ட குரலோடு ஒப்பிட்டு நோக்கினார். இரண்டும் ஒன்றாகத் தோன்றவில்லை. 1943 மார்ச் முதலாந் திகதி படைமுகாமிற்குச் சென்று, ஆயுதமேந்திப் போராட முடியாதென்று அறிவித்தார். காயம்பட்டோருக்கு மருத்துவப் பணி செய்ய ஆயத்தமாயிருந்தார், அது ஏற்கப்படவில்லை. யூலை 6ஆந் திகதி மரணதண்டனை விதிக்கப்பட்டு, ஓகஸ்ட் 9ஆந் திகதி பிரண்டன்பேர்க் சிறையிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

இவர் கீழ்ப்படிந்தவரா, கீழ்ப்படியாதவரா? அரசுக்குக் கீழ்ப்படியவில்லை என்பது வெளிப்படை. ஆயரின் ஆலோசனையையும் ஏற்கவில்லை. அதிகாரம் யாவும் இறைவனால் வந்தது என்ற பவுலின் உரோமர் நிருபப் பகுதியை எடுத்துக்காட்டியவர்களுக்கும் அவர் இணங்கவில்லை. மறுபுறத்தில், மனிதருக்குக் கீழ்ப்படிவதினும் இறைவனுக்குக் கீழ்ப்படிதலே தகும் என்று அப்போஸ்தலர் ஆலோசனைச் சங்கத்தின் முன் கூறிய நிலையிலேயே அவரும் நின்றார். ஆயின் தம் பிடிவாதத்திற்கு இறைவனின் பெயரைச் சூட்டும் எவனும் இவ்வாறு கூறலாமே என்ற ஆட்சேபம் வலுவானது. போர் முடிந்தபின்னும் அது ஓயவில்லை. 1946இல் அவரைப் பற்றிய கட்டுரையொன்றை மறைமாவட்டப் பத்திரிகையில் வெளியிட அதே ஆயர் இசையவில்லை. கடமையென்று நம்பிப் போர்க்களத்தில் மாண்டவர்களே மேலான வீரர் என்பது அவர் கருத்து. திருச்சபை தன் நிலையை மாற்றிக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 1964இல் அமெரிக்கச் சமூகவியலாளர் கோர்டன் சான் எழுதிய நூலே அவர் பெயரை உலகறியச் செய்தது. 1997இற் பேர்லின் நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நீக்கியது. 2007 ஒக்டோபரில் லின்ஸ் பேராலயத்தில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். ஆனாற் பின்னாளில் வந்த அங்கீகாரம், 1943இல் அவர் நின்ற இருட்டுக்கு விளக்காகாது.

கேட்டது இறைவன் குரலா, தன் குரலா என்பதைப் பிரித்தறிய ஐயந்திரிபற்ற அளவுகோல் எதுவும் இல்லை என்றே சொல்லவேண்டும். எனினும் ஓர் அடையாளம் உண்டு. கீழ்ப்படிதலின் விலையைச் செலுத்துபவர் யார் என்று நோக்குதல் அது. ஐக்மனின் கீழ்ப்படிதலுக்கு விலை கொடுத்தோர் ரயிற் பெட்டிகளில் அடைக்கப்பட்டோர். அவனுக்கோ பதவி உயர்வு கிடைத்தது. யேகர்ஸ்ரெற்றர் தம் தலையைக் கொடுத்தார். மனிதர் மனிதருக்கு இடும் கட்டளைகளின் பாரம் பெரும்பாலும் மூன்றாம் ஆளின் தோளிலேயே இறங்குகின்றது. ஆபிரகாமின் கதையிலும் விலை ஈசாக்கின் மேல் விழவிருந்த கணத்திலே கத்தி தடுக்கப்பட்டது. இவ்வடையாளமும் முழுமையானதன்று. பிரான்சிஸ்காவும் மூன்று சிறுமிகளும் கொடுத்த விலை என்ன கணக்கிற் சேரும்? இதற்கு எளிய மறுமொழி இல்லை. யேகர்ஸ்ரெற்றரும் எளிய மறுமொழி கூறவில்லை என்பதை அவருடைய சிறைக் கடிதங்களிற் காணலாம்.

டீற்றிச் பொன்ஹோபர் என்னும் லூதரன் குருவானவர் 1937இல் வெளியிட்ட நூலில், விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் பிரித்தல் முடியாது, ஒன்றின்றி மற்றது இல்லை என்று வற்புறுத்தினார். விலை கொடாது பெறும் மலிவான அருளை அந்நூல் கடிந்தது. அவரே 1942ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர்களுக்கு எழுதியபோது, ஜேர்மானியர் கட்டளைக்குப் பணிதலைத் தம் பெருமையாகக் கொண்டிருந்தனர். அப்பணிவு தீமைக்கும் பயன்படுத்தப்படக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று வருந்தினார். 1945 ஏப்பிரல் 9ஆந் திகதி அவரும் தூக்கிலிடப்பட்டார். இவ்விரு கூற்றுக்களும் முரண்பட்டவையல்ல. முன்னையது கேட்டலைப் பற்றியது. பின்னையது கேளாமலே கீழே படிந்துவிடுதலைப் பற்றியது.

அவ்வாறாயிற் கேட்டலை வளர்ப்பது எங்ஙனம்? ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ற், தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஆசீர்வாதப்பர், தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூல் செவிகொடுக்குமாறு கூறும் சொல்லோடு தொடங்குவது தற்செயலன்று. மணி ஒலித்ததும் கையிலுள்ள வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போகவேண்டும் என்பது அதிலுள்ள ஒழுங்குகளுள் ஒன்று. எழுதிக்கொண்டிருப்பவனுக்கு வரியை முடித்துவிட்டுப் போகவே மனம் ஏவும்; அவ்வாறு முடியாமல் விட்டுப்போவதிலேதான் பயிற்சி இருக்கின்றது. பரீட்சைக் காலத்தில் அறைக்கதவைத் தட்டும் நண்பனுக்காகப் புத்தகத்தை மூடிவைத்தவன் இதன் அருமையை அறிவான். முக்கிய காரியங்களைத் தீர்மானிக்கும்போது தலைவர் எல்லாச் சகோதரரையும் கூட்டி அவர்தம் கருத்தைக் கேட்கவேண்டும், இளையவன் ஒருவனுக்கே சிறந்ததை இறைவன் வெளிப்படுத்தக்கூடும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. கேட்கும் கடமை கீழே உள்ளவனுக்கு மட்டும் உரியதன்று. இயலாத வேலை இடப்பட்டவன், தக்க வேளையிற் பொறுமையோடு தன் இயலாமையை எடுத்துரைக்கலாம் என்றும் ஓர் அதிகாரம் கூறுகின்றது. அதன்பின்னும் தலைவர் வற்புறுத்தினால் இறைவனை நம்பிப் பணியவேண்டும் என்பது அதன் முடிவு. மடத்தின் சுவர்களுக்குள்ளே அது பொருந்தலாம். 1943இன் ஒஸ்திரியாவுக்கு அது போதாது.

யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928இல் நிறுவப்பட்ட செபமாலைத் தாசர் சபையினரும் செபம், மௌனம், கைத்தொழில் என்னும் மூன்றையும் ஒன்றாய்ப் பிணைத்தே வாழ்ந்தனர். அவர்களுடைய திராட்சைரசத்தையும் நெல்லிரசத்தையும் அறிந்தோர் தொகை, அவர்களுடைய மௌனத்தை அறிந்தோர் தொகையிலும் மிகப் பெரிது. பதினேழாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரக் கார்மேல் மடமொன்றின் சமையலறையிற் பணிபுரிந்த சகோதரர் லோறன்ஸ் என்பாரின் கதையும் இத்தகையதே. சமையல் வேலையை இயல்பாகவே வெறுத்த அவர், சட்டிபானைகளின் ஓசைக்கு நடுவிலும் நற்கருணையின் முன் முழந்தாளிட்டிருக்கும் அமைதியோடு இறைவன் சந்நிதியில் இருக்கப் பழகினார். பழக்கமே ஒழுக்கம் என்ற அரிஸ்ரோட்டிலின் கருத்துக்கு இவர் நல்ல சான்று.

ஆனாற் பழக்கம் இருபுறமும் கூருடைய வாள். செபிக்கும் பழக்கமுடையோரெல்லாம் கேட்டவராகிவிடவில்லை என்பதற்கு ஒஸ்திரியா வரை செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பாடசாலைகள் சிலவற்றில், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கிலே இருத்தாது நிலத்தில் இருத்திய வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நிலவியது. அங்கே காலைதோறும் செபம் நடந்தது; வேதபாடம் நடந்தது; பிறனை நேசிக்கும் கட்டளை மனனம் செய்விக்கப்பட்டது. மனனம் செய்தவர்களும் செய்வித்தவர்களும் நிலத்தில் இருந்த பிள்ளையைத் தாண்டியே நடந்தனர். அவர்கள் யாருக்குக் கீழ்ப்படிந்தனர் என்பதை ஆராயின், இறைவனுக்கன்று, ஊருக்கே என்பது புலனாகும். கட்டளை செவியில் விழுந்தது. ஊரின் குரல் அதனினும் உரத்து ஒலித்தது. பழகிப்போன குரலை இறைவன் குரலென மயங்குதல் பக்தியுள்ளோருக்கே எளிதில் நேர்கின்றது எனலாம்.

எனவே பழகவேண்டியது இணங்குதல் மட்டுமன்று; வினாவுதலும் அதனோடு பழகப்படவேண்டும். 'கேள்' என்னும் சொல் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை என்பது இங்கு மீண்டும் நினைவுக்கு வருகின்றது. சுவிசேஷத்திலே தந்தை இருவர் மைந்தரைத் திராட்சைத் தோட்டத்திற்கு ஏவும் உவமையில், முடியாது என்று மறுத்துப் பின் மனம் மாறிச் சென்றவனே தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவனாகின்றான். உடனே இசைந்து பின் போகாதிருந்தவன் அன்று. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் முதலில், அக்கிண்ணம் தம்மை விட்டு அகலக்கூடுமா என்று கேட்டார். அவ்வாறு கேட்டது கீழ்ப்படிதலுக்குக் குறையாக எண்ணப்படவில்லை. துன்பத்தின் வழியாக அவர் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது, இறைமகனுக்கே அது பிறவியில் வந்ததன்று, கற்றுப் பெற்றது என்பது பெறப்படுகின்றது.

அன்றாட வாழ்வில் இக்கல்விக்கு இடமாவன பெரும்பாலும் எவரும் காணாதவை. மேலதிகாரி நீட்டும் பொய்ப் பற்றுச்சீட்டிற் கையொப்பமிடாது வைத்துவிட்டு ஏனென்று அமைதியாகச் சொல்லும் எழுதுவினைஞன், நோயுற்ற மாமியாரின் படுக்கையை நள்ளிரவில் மாற்றும் மருமகள், தன் பக்கமே நியாயமிருந்தும் காணி வழக்கில் தமையனோடு முதலிற் பேசச் செல்லும் தம்பி முதலியோர் கடவுள் தம்மோடு பேசியதாக ஒருபோதும் சொல்லமாட்டார்கள். அவர்களிடம் கேட்டால், செய்யவேண்டியிருந்தது, செய்தேன் என்பர். யேகர்ஸ்ரெற்றர் 1943 மார்ச்சிற் படைமுகாமின் வாயிலில் நின்றபோது புதிதாக எதனையும் தீர்மானிக்கவில்லை. உதவிப்பணத்தை மறுத்தபோதே, வசூற்காரரை வெறுங்கையோடு அனுப்பியபோதே அவர் அங்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்.

பிரான்சிஸ்காவைப் பற்றிச் சிறிது சொல்லாது விடுதல் முறையன்று. கணவரின் உயிரைக் காக்கும் எண்ணத்தோடு அவரும் தொடக்கத்தில் வேறு வழி கேட்டவரே. பின்னர் உறவினரும் ஊராரும் சூழ நின்று வாதிட்டபோது, தாமும் எதிர்த்தால் அவருக்கு ஒருவருமே இல்லாது போய்விடுவர் என்று கணவர் பக்கம் நின்றார். அவரே கணவரைக் கெடுத்தவர் என்று ஊர் தூற்றியது. போரில் மாண்டோரின் விதவைகளுக்கு உரிய ஓய்வூதியம் 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் கமத்தைத் தாமே நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார், கணவர் விட்டுச்சென்ற கோயிற்பணியையும் ஏற்றுக்கொண்டார். 2007இல் லின்ஸ் பேராலயத்தில், கணவரின் திருப்பண்டத்தைத் தாங்கிய பேழையை முத்தமிட்டு ஆயரின் கையிற் கொடுத்தபோது அவருக்கு வயது 94. ஊருக்குத் திரும்பிய அவர் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, நூறு வயதை அடைந்த சில நாட்களில், 2013 மார்ச்சிற் காலமானார்.